சிதறிய தோட்டாத் துண்டுகளை வைத்து "இந்தப் பெட்டியிலிருந்து வந்தது" என்று சொல்ல முடியுமா?

கதைக்காரன்:
வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுவில் மாட்டிக்கொண்டேன். உடலிலிருந்து எடுத்தது மூன்று ஈயத் துணுக்கு, வளைந்து நசுங்கிய ஒரு தாமிரத் தகடு, அவ்வளவுதான். துப்பாக்கி கிடைக்கவில்லை. சுட்டபின் வெளியே விழும் காலிக் கூடும் இல்லை. சந்தேக நபர் வீட்டில் பாதி தீர்ந்த தோட்டாப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆய்வகம் ஈயத்தைச் சோதித்து "இந்தத் துணுக்குகள் இதே பெட்டியில் இருந்த தோட்டாவுடையவை" என்று அறிக்கை கொடுக்கிறது, ஆள் மாட்டுகிறான். இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். எங்கேயோ படித்த ஞாபகம். விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா?

நுண்ணோக்கி:
சிரிக்க மாட்டோம், ஆனால் அந்த அத்தியாயத்தை மாற்றச் சொல்வோம். துப்பாக்கித் தடயப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பெட்டியை விடுங்கள். உங்கள் கதையில் பேசக்கூடியது அந்தத் தாமிரத் தகடுதான், அதை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அந்தத் தகடு தோட்டாவின் ஈயத்தைப் போர்த்தியிருக்கும் உறையின் துண்டு. உறை போட்ட தோட்டாவில் குழலின் உள்சுவரைத் தொடுவது உறைதான், உள்ளே இருக்கும் ஈயம் இல்லை. குழலுக்குள் சுழல்வரிகள் வெட்டியிருப்பார்கள்: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று. மேடு தோட்டாவில் பள்ளமாகப் பதியும். அந்தப் பதிவுக்குள் நீளவாட்டில் மயிரிழை மாதிரிக் கீறல்கள் இருக்கும். துப்பாக்கியை அடையாளம் காண்பது அந்தக் கீறல்களை வைத்து. ஆகவே தகடு எவ்வளவு நசுங்கியிருந்தாலும், ஒரே ஒரு மேட்டின் பதிவு முழு அகலத்தில் தப்பியிருந்தால் எங்களுக்கு வேலை இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கதையில் வைத்துக்கொள்ளலாம். 9 மி.மீ. தோட்டாவின் விட்டம் ஏறக்குறைய 9.02 மி.மீ., சுற்றளவு 28.3 மி.மீ. தகட்டில் ஒரு மேடும் பக்கத்துப் பள்ளமும் சேர்ந்து 4.7 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். வகுத்தால் ஆறு. ஆறு மேடு, ஆறு பள்ளம் உள்ள குழல். வரி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிறையத் துப்பாக்கிகள் வலம், கோல்ட் கைத்துப்பாக்கிகள் இடம். ஆனால் துண்டில் எது மூக்கு, எது அடி என்று தெரியாமல் சாய்வு சொல்ல முடியாது. அதற்குத் தகட்டின் ஓரத்தைப் பார்ப்போம். முழு உறைத் தோட்டாவில் பொதுவாக உறை மூக்கைப் போர்த்திக்கொண்டு வந்து அடியில் மடிந்திருக்கும், அடியில் ஈயம் தெரியும். குழிமூக்குத் தோட்டாவில் நேர்எதிர், அடி மூடியிருக்கும், மூக்கில் திறந்திருக்கும். அந்த மடிப்பின் ஒரு விளிம்பு மிஞ்சினாலே போதும்.

இந்த அளவுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டால் "இந்த இந்த வகைத் துப்பாக்கிகளாக இருக்கலாம்" என்று சுருங்கும். எஃப்.பி.ஐ. அப்படி ஒரு பட்டியலைப் பராமரிக்கிறது. தகடு விரிந்து இழுபட்டிருந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் ஒரு எண்ணைக் கொடுக்காமல் ஒரு வரம்பைக் கொடுப்போம்.

பழைய வாசகன்:
நுண்ணோக்கி சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கதைக்காரன் சொல்வது கற்பனை இல்லையே? ஈயத்தின் கலவையை ஒப்பிடும் முறையை எஃப்.பி.ஐ.யே பல ஆண்டுகள் செய்தது. கென்னடி கொலையில் கூட வின்சென்ட் குவின் என்ற வேதியியலாளர் சிதறல்களை நியூட்ரானால் கதிரூட்டிப் பார்த்து, இரண்டே தோட்டாதான் என்று 1978-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். அவ்வளவு பெரிய சோதனையை ஒரே அடியில் தள்ளிவிட முடியுமா?

நுண்ணோக்கி:
எஃப்.பி.ஐ. செய்தது, உண்மை. 2005 செப்டம்பரில் நிறுத்திவிட்டது என்பதும் உண்மை. காரணத்தை என்னைவிட நன்றாகச் சொல்ல இந்த மன்றத்தில் ஒருவர் இருக்கிறார். ஈயப்பட்டறை, எங்கே போனீர்கள்?

ஈயப்பட்டறை:
இங்கேதான் இருக்கிறேன், ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் தடயவியல் ஆள் இல்லை. ஈயம் உருக்கும் ஆலையில் இருபது வருடமாகக் கொப்பரை பக்கம் நிற்பவன். எங்கள் சரக்கு முக்கால்வாசி பழைய பேட்டரியிலிருந்து வருவது. தோட்டாவுக்குப் போகும் ஈயத்திலும் பெரும்பகுதி அதே வழிதான்.

கதைக்காரன், உங்கள் பெட்டி எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். பேட்டரித் தட்டு, கழிவு எல்லாம் கொப்பரையில் உருகும். வாங்குபவர் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி இவ்வளவு வேண்டும் என்று கேட்டிருப்பார், அதைச் சரிசெய்வோம். ஆர்சனிக், தாமிரம், பிஸ்மத், வெள்ளி, வெள்ளீயம், காட்மியம் எல்லாம் "இதற்கு மேல் போகக்கூடாது" என்ற வரம்புக்குள் இருந்தால் சரி. அதற்குள் எவ்வளவு என்று எவரும் கவலைப்படுவதில்லை. பிறகு கட்டியாக ஊற்றுவோம். தோட்டா ஆலையில் அந்தக் கட்டியை அழுத்திக் கம்பியாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, அச்சில் அடித்து வடிவம் கொடுக்கிறார்கள். வெட்டில் விழும் கழிவு அங்கேயே மறுபடி உருகும். அடித்த தோட்டாக்கள் பெரிய தொட்டியில் கொட்டப்படும். நேற்றைய கம்பியும் இன்றைய கம்பியும் போன வாரத்து மிச்சமும் ஒரே தொட்டியில் குலுங்கும். அதிலிருந்து ஐம்பது ஐம்பதாகப் பெட்டிக்குள் போகிறது.

ஆகவே ஒரு பெட்டிக்குள்ளேயே பல கலவை இருக்கும். அதே கலவை வேறு ஊரில் வேறு ஆயிரம் பெட்டியிலும் இருக்கும்.

இன்னொன்று. ஒரே கொப்பரைதானே, முதல் கட்டியும் கடைசிக் கட்டியும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊற்ற ஊற்ற ஆன்டிமனி, ஆர்சனிக், வெள்ளீயம் மூன்றும் மேலே கசடாகக் கருத்துக்கொண்டே போகும். காலையில் எடுத்த மாதிரிக்கும் மதியம் எடுத்த மாதிரிக்கும் ஆர்சனிக்கில் வித்தியாசம் வந்து, சோதனைக்கூடத்துப் பையன் "எந்தக் கொப்பரையை மாற்றிக் கொடுத்தீர்கள்" என்று சண்டைக்கு வந்திருக்கிறான். கொப்பரை அதேதான்.

கணக்குப்பிள்ளை:
ஈயப்பட்டறை சொன்னதற்கு எண் போடுகிறேன். 2004-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு இந்த முறையை அலசி ஒரு அறிக்கை வெளியிட்டது. பிரித்தறிய முடியாத ஒரே கலவையுள்ள ஈயத்திலிருந்து, 40 கிரெய்ன் எடையுள்ள .22 தோட்டா குறைந்தது 12,000, அதிகபட்சம் 3.5 கோடி வரலாம் என்று அதில் இருக்கிறது. 40 கிரெய்ன் என்பது 2.6 கிராம். கீழ்வரம்பு 31 கிலோ ஈயம், மேல்வரம்பு 90 டன்னுக்குச் சற்று மேல். ஈயப்பட்டறையின் கொப்பரையை நினைத்துப் பார்த்தால் இரண்டு எண்ணும் வியப்பாக இருக்காது. அங்கே ஆண்டுக்குத் தயாராகும் தோட்டா ஏறக்குறைய 900 கோடி என்றும் அதே அறிக்கை சொல்கிறது. "கலவை ஒத்துப்போகிறது" என்றால் இந்தக் கூட்டத்துக்குள் ஒன்று என்று மட்டும்தான் பொருள்.

"ஒத்துப்போகிறது" என்பதை எப்படி முடிவு செய்தார்கள் என்பது இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளப்பார்கள். சராசரிக்கு இரு பக்கமும் இரண்டு திட்டவிலக்கம் (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு) விட்டு ஒரு வரம்பு போடுவார்கள். ஏழு தனிமத்திலும் இரண்டு மாதிரியின் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் பொருத்தம். இதில் ஒரு விசித்திரம் கவனியுங்கள்: நீங்கள் எவ்வளவு மோசமாக அளக்கிறீர்களோ அவ்வளவு வரம்பு அகலும், அவ்வளவு சுலபமாகப் பொருத்தம் கிடைக்கும்.

சில வழக்குகளில் சங்கிலி போட்டார்கள். அ, ஆ-வுடன் பொருந்துகிறது. ஆ, இ-யுடன் பொருந்துகிறது. ஆகவே அ, ஆ, இ மூன்றும் ஒரே குழு. அ-வையும் இ-யையும் நேராக வைத்தால் பொருந்தவே பொருந்தாது. ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போனால் எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று சொல்வது போல.

கதைக்காரன்:
அப்படியானால் பெட்டியில் உள்ள தோட்டாவோடு பொருந்தவில்லை என்றால் ஆள் நிரபராதி என்றாவது சொல்லலாமா? அப்படித் திருப்பிவிட்டாலும் கதை நிற்கும்.

கணக்குப்பிள்ளை:
அதுவும் முடியாது. பெட்டிக்குள் பல கலவை இருக்கிறது என்று ஈயப்பட்டறை சொன்னாரே. தீர்ந்துபோன பாதியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பழைய வாசகன்:
எல்லாம் சரி. ஆனால் குவின் சொன்னது பெட்டியைப் பற்றி இல்லை, துணுக்குகள் எத்தனை தோட்டாவுடையவை என்பதைப் பற்றி. கென்னடியோடு காரில் இருந்து காயமடைந்த ஆளுநர் கொனலியின் மணிக்கட்டில் எடுத்த துணுக்கில் ஆன்டிமனி 797 பிபிஎம் (பத்து லட்சத்தில் 797 பங்கு), மருத்துவமனைத் தள்ளுகட்டிலில் கிடைத்த தோட்டாவில் 833. மற்ற சிதறல்கள் எல்லாம் 600-க்கும் 650-க்கும் நடுவில். பார்த்தாலே இரண்டு குவியல். இதில் என்ன குறை?

நுண்ணோக்கி:
குவியல் அழகாகத்தான் தெரிகிறது, மறுக்கவில்லை. குவின் இரண்டு விஷயத்தை நம்பினார். ஒன்று, அந்தக் கொலையில் பயன்பட்டதாகச் சொன்ன மான்லிஷர் கார்கானோ துப்பாக்கியின் தோட்டாக்களில் ஒன்றுக்கொன்று ஆன்டிமனி பெரிதாக மாறுபடும். இரண்டு, ஒரே தோட்டாவுக்குள் மாறாது. இரண்டும் சரியென்றால் இரண்டு குவியல் என்பது இரண்டு தோட்டாதான்.

2006-ல் எரிக் ராண்டிக், பாட்ரிக் கிராண்ட் என்ற இருவர் உலோகவியல் பக்கமிருந்து வந்தார்கள். ஈயம் உறையும்போது ஆன்டிமனி சீராகப் பரவி நிற்காது, படிக எல்லைகளில் ஒதுங்கும். நீங்கள் எடுப்பது மில்லிகிராம் கணக்கில் ஒரு பொடி. அந்தப் பொடி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும். அப்படிப் பார்த்தால் அந்தச் சிதறல்கள் இரண்டிலிருந்து ஐந்து வரை எத்தனை தோட்டாவிலிருந்தும் வந்திருக்கலாம் என்றார்கள். கவனியுங்கள், இரண்டு தோட்டா இல்லை என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. இந்த எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார்கள். எஃப்.பி.ஐ.யும் 1964-லேயே இதே துணுக்குகளைக் கதிரூட்டிப் பார்த்து, உறுதியாகப் பிரிக்க வேறுபாடு போதவில்லை என்றுதான் முடித்தது.

ஈயப்பட்டறை:
படிக எல்லை விஷயம் எங்களுக்கு அன்றாடம். கட்டியை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் கண்ணாலேயே பூப்பூவாகத் தெரியும். மாதிரி எடுக்கும்போது ஒரு மூலையில் துளை போடாதே, குறுக்கே அறுத்துத் தூளை எடு என்று புதிதாக வருபவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்.

பழைய வாசகன்:
சரி, இதை நான் யோசித்ததே இல்லை. ஒதுங்கிக்கொள்கிறேன், தோற்றுவிட்டேன் என்று அர்த்தமில்லை :)

கறுப்புக்கோட்டு:
வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 2,500 வழக்குகளில் ஈயச் சோதனை செய்ததாக எஃப்.பி.ஐ. 2005-ல் சொன்னது. 20 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் அது விசாரணையில் சாட்சியமாக வந்தது என்றும் சொன்னது. குறைவு போலத் தோன்றும். ஆனால் "இதே பெட்டி" என்று ஒரு நிபுணர் கூண்டில் நின்று சொன்னால், ஜூரியில் இருப்பவர் கலவையையா யோசிப்பார்? கருவி சரியாக அளந்தது. அளந்ததற்கு மேல் மனிதர்கள் பேசியதில்தான் கோளாறு. எஃப்.பி.ஐ.யிலேயே உலோகவியலாளராக இருந்து ஓய்வு பெற்ற வில்லியம் டோபின்தான் இதை விடாமல் கிளறியவர்களில் முக்கியமானவர்.

நுண்ணோக்கி சாருக்கு ஒரு கேள்வி. ஈயத்தை இவ்வளவு கிழிக்கிறோம், உங்கள் கீறல் ஒப்பீடு மட்டும் என்ன கடவுள் வாக்கா? 2016-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, துப்பாக்கி அடையாளத் துறைக்குச் சரியாக வடிவமைக்கப்பட்ட ஆய்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றது. அதில் தவறான பொருத்தம் 66-க்கு ஒன்று, மேல்வரம்பு 46-க்கு ஒன்று. குறுக்கு விசாரணையில் இதை வைத்தால் உங்கள் ஆட்கள் முகம் சிவக்கிறார்கள்.

நுண்ணோக்கி:
சிவக்கும். எனக்கும் சிவந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு காலிக் கூடுகளை வைத்துச் செய்தது, தோட்டாத் தலையை வைத்து இல்லை. 'முடிவு சொல்ல முடியவில்லை' என்ற பதில்களை விட்டுவிட்டு வகுத்தால்தான் 66 வரும். அதை நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

கறுப்புக்கோட்டு:
நான் ஏன் சொல்ல வேண்டும், அது அரசு வக்கீல் வேலை. ஆனால் உங்கள் வாதம் உங்களுக்கே எதிராகப் போகிறது சார். முழுக் கூட்டிலேயே இவ்வளவு பிழை என்றால், நசுங்கிய சிதறலில்?

நுண்ணோக்கி:
அடி சரியான இடத்தில் விழுந்தது. ஒத்துக்கொள்கிறேன், சிதறலில் நாங்கள் இன்னும் அடக்கமாகப் பேச வேண்டும்.

என் வழியைச் சொல்கிறேன். 1925-ல் ஒப்பீட்டு நுண்ணோக்கி இந்த வேலைக்கு வந்தது, கால்வின் கோடார்டும் அவர் கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். இரண்டு நுண்ணோக்கி, ஒரே கண்வழி, நடுவில் மெல்லிய கோடு. இடப்பக்கம் சிதறல், வலப்பக்கம் சந்தேகத் துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டியில் சுட்டெடுத்த மாதிரித் தோட்டா. சுழற்றிக்கொண்டே போவேன். கோட்டின் இரு பக்கமும் கீறல்கள் தொடர்ந்து ஓடினால் மனசு துள்ளும். அந்தத் துள்ளல்தான் ஆபத்து. முழுத் தோட்டாவில் ஆறு மேட்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்து அந்தத் துள்ளலை அடக்கலாம். சிதறலில் ஒரு மேடுதான், அதிலும் பாதி. ஒரே வெட்டுக்கருவியால் அடுத்தடுத்துச் செய்த குழல்களில் சில கீறல்கள் பொதுவாகவே வரும். அது இந்தக் குழலின் சொந்தக் கீறலா, அந்த வரிசைக்கே பொதுவானதா என்று பாதி மேட்டில் பிரிப்பது மிகக் கடினம். இப்போது மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளந்து கணினியில் ஒப்பிடும் முறைகள் வளர்ந்து வருகின்றன. அவை எண் கொடுக்கும், நல்லதுதான். ஆனால் இழுபட்டுக் கிழிந்த தகட்டில் கணினிக்கும் அதே பாதி மேடுதான் கிடைக்கிறது.

என் அறிக்கைகளில் சிதறல் என்று வந்தால் பெரும்பாலும் "வகை ஒத்துப்போகிறது, தனி அடையாளம் சொல்ல இயலவில்லை" என்றுதான் முடிந்திருக்கும். விலக்குவது சுலபம். வலம் சாய்ந்த வரியை இடம் சாய்ந்த குழல் போட்டிருக்க முடியாது.

மாணவி:
ஐசோடோப் (ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறுபடும் அணுவகைகள்) பற்றி யாரும் பேசவில்லையே? புவியியல் படிக்கிறேன். ஈயத்தில் 206, 207, 208 மூன்றும் யுரேனியம், தோரியம் சிதைவதால் கூடிக்கொண்டே போகும், 204 மட்டும் ஆதியிலிருந்த அளவிலேயே நிற்கும். தாதுவின் வயதைப் பொறுத்து விகிதம் மாறும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயத்தில் 206/204 விகிதம் 16 பக்கம், அமெரிக்காவின் மிசௌரிப் பகுதியில் 20-ஐத் தாண்டும். உருக்கினாலும் இந்த விகிதம் மாறாது, கசடில் ஒதுங்குவதும் கிடையாது. இதை வைத்துச் சுரங்கத்தையே சொல்லிவிடலாமே!

ஈயப்பட்டறை:
சுரங்கத்திலிருந்து நேராகத் தோட்டாவுக்கு வந்தால் சொல்லலாம், தங்கச்சி. என் கொப்பரையில் எத்தனை நாட்டுப் பேட்டரி விழுகிறது தெரியுமா? ஒவ்வொன்றும் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை உருகி வந்தது. எல்லாம் கலந்து ஒரு நடுத்தர எண்ணாக வந்து நிற்கும்.

மாணவி:
ஆமாம், மறுசுழற்சியை மறந்துவிட்டேன். ஆனாலும் இரண்டு துணுக்கின் விகிதம் தெளிவாக வேறு வேறாக இருந்தால் அவை ஒரே ஈயம் இல்லை என்று சொல்லலாம்தானே? படிக எல்லைத் தொந்தரவும் இங்கே இல்லை.

நுண்ணோக்கி:
சொல்லலாம், நல்ல கேள்வி. அந்த வேலைக்கு அது ஆன்டிமனியைவிடச் சிறந்தது.

கதைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி, பெட்டி அத்தியாயத்தை அழித்துவிட்டேன். புதிதாக ஒன்று தோன்றுகிறது. மூன்று ஈயத் துணுக்கில் இரண்டு ஏறக்குறைய மெத்தீயம் (ஆன்டிமனி கலக்காத மென்மையான ஈயம்), மூன்றாவதில் ஆன்டிமனி 2 சதவீதத்துக்கு மேல். அதாவது வேறு தோட்டா, ஒருவேளை இரண்டாவது துப்பாக்கி. இது செல்லுமா?

கணக்குப்பிள்ளை:
600-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சண்டை. சில பத்து பிபிஎம்முக்கும் 2 சதவீதத்துக்கும் நடுவில் எந்தப் படிக எல்லையும் வந்து நிற்காது. செல்லும்.

நுண்ணோக்கி:
செல்லும், "வேறு தோட்டா" வரைக்கும். "இரண்டாவது துப்பாக்கி" என்பதை உங்கள் துப்பறிவாளர் வாயில் வையுங்கள், ஆய்வக அறிக்கையில் வைக்காதீர்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டு வகைத் தோட்டா போடுபவர்கள் உண்டு. மூன்றாவது துணுக்கு உறையில்லாத ஈயத் தோட்டாவுடையதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதன் முதுகில் வரிப்பதிவு இருக்கலாம். எல்லாத் துணுக்கையும் நிறுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஒரே தோட்டா என்று சொல்லிவிட்டு, மொத்தம் 130 கிரெய்ன் வந்தால் 115 கிரெய்ன் தோட்டா அப்போதே கழன்றுவிடும்.

கதைக்காரன்:
கடைசியாக ஒன்று. உடலிலிருந்து எடுக்கும் காட்சியில் டாக்டர் இரும்புக் கிடுக்கியால் தகட்டை இழுத்து, தட்டில் 'டங்' என்று போடுகிறார். நல்ல சத்தம் வரும் காட்சி.

நுண்ணோக்கி:
ஐயோ! ஒரு முறை ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த தகட்டில் அழகான இணைக் கோடுகள். அரை நாள் அதை மேட்டின் பதிவு என்று நினைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தேன். இடைவெளி மட்டும் அளவுக்கு மீறிச் சீராக இருந்தது. போன் போட்டுக் கேட்டால், பல் வைத்த கிடுக்கி. உண்மையான பதிவு அதற்கு அடியில் நசுங்கிப் போயிருந்தது. நுனியில் ரப்பர் மாட்டிய கிடுக்கி, இல்லையென்றால் விரல். கழுவுவதற்கு முன்னால் நூல், கண்ணாடித்தூள், எலும்புப்பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோட்டா எதைத் துளைத்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒவ்வொரு துணுக்கும் தனித்தனிக் காகித மடிப்பில். நான்கையும் ஒரே குப்பியில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்தால் ஒன்றை ஒன்று கீறும்.

கதைக்காரன்:
'டங்' போச்சு. ரப்பர் கிடுக்கி, காகித மடிப்பு, நான்கு. எழுதிக்கொண்டேன் சார்.

கறுப்புக்கோட்டு:
எடுத்து விடாதீர்கள்! 'டங்' அப்படியே இருக்கட்டும். என் மாதிரி ஒரு வக்கீலை அடுத்த அத்தியாயத்தில் கொண்டுவாருங்கள், அந்தக் கிடுக்கியை வைத்தே வழக்கை ஒரு வருடம் இழுப்பார்.